கரட்டு வழியில் விரும்பிச் செல்வோர்

ஒருவன் தானே நாடி மேற்கொள்ளும் வருத்தமும், வேறு வழியின்மையால் ஒருவன்மீது வந்து விழும் வருத்தமும் ஒரே தன்மையனவா? உடலளவில் இரண்டும் ஒன்றே. இருவருக்கும் கால் கடுக்கிறது, தொண்டை வறள்கிறது, வெயில் இருவரையும் ஒருபோலச் சுடுகிறது. ஆயினும், முன்னவன் பொழுது சாய்ந்தபின் அதனை இன்பமென்று சொல்லிக்கொள்கிறான். பின்னவன் அதைப்பற்றிப் பேசவும் விரும்புவதில்லை. துக்கத்தின் இயல்பை ஆராய்வதைக் கடமையாகக் கொண்ட நாம், இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேளாதிருத்தல் ஆகாது.

இக்கேள்விக்குத் தக்க எடுத்துக்காட்டு, இக்காலத்தில் பல நாடுகளிலும் பரவிவரும் ஒரு பொழுதுபோக்கில் கிடைக்கிறது. தார் போட்ட நல்ல சாலை இருக்க, அதைவிட்டுச் சரளைக்கல்லும் செம்மண்ணும் கலந்த காட்டுவழிகளில் சைக்கிள் மிதித்துச் செல்வதே அது. கிராவல் சைக்கிள் ஓட்டம் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து எம்போரியா என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயத்தில் 200 மைல் தூரத்தை இவ்வாறு கடக்கிறார்கள். 2022இல் இத்தாலி நாட்டில் இதற்கு உலகப் போட்டியே நடந்தது. வண்டி, பந்தயச் சைக்கிள்போல் வளைந்த கைப்பிடி உடையது. டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றிருக்கும். காற்றை இறுக அடித்துவிட்டால் வண்டி சரளைமேல் துள்ளி ஆளைக் கீழே தள்ளும். மிகத் தளர்த்திவிட்டாலோ, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே ட்யூப் நசுங்கிப் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே அளவறிந்து அடிக்கவேண்டும். வாசகர் சிலருக்கு இப்போதே பழைய கதையொன்று நினைவுக்கு வந்திருக்கும். அதற்குப் பின்னர் வருவோம்.

இத்தகைய செலவுக்குக் காளஹஸ்திச் சீமை மிகவும் ஏற்ற நிலம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. நம்மவர் பொன்முகலி என்றும், தெலுங்கர் சுவர்ணமுகி என்றும் வழங்கும் ஆறு, சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருப்பதியை அடுத்துச் சென்று, காளஹஸ்திக் கோயிலைத் தொட்டுக்கொண்டு வங்கக் கடலை நோக்கிப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணலே. ஊரை அணைந்தாற்போல் பாறைக் குன்றுகள். அவற்றினூடே வேயிலிங்கால கோனை போன்ற அருவிகள். ஆற்றை எதிர்த்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் திருப்பதியும், அதற்கப்பால் சேஷாசலக் காடும் வந்துவிடும். சரளை, மணல், ஏற்றம், நிழல் யாவும் ஒருநாள் வழிக்குள் அடங்கியிருக்கின்றன.

இவ்வழியிற் செல்பவன் அடையும் இன்பத்தை இகழ்வதற்கில்லை. உடலின்பம் எல்லாம் தளையே என்று ஒரே வீச்சில் சொல்லிவிடும் உபதேசிகள் உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. பஸ்ஸில் உறங்கிக்கொண்டு போகிறவனுக்கு மலை என்பது ஜன்னலில் நகரும் ஒரு படம். மிதித்து ஏறுகிறவனோ அதன் சரிவைத் தன் கெண்டைக்காலால் அறிகிறான். அடுத்த கல் எங்கே என்று பார்த்தே செல்லவேண்டியிருப்பதால், அலைந்து திரியும் மனமும் சற்று நேரம் ஒன்றில் நிற்கிறது. இது சிறு பயனன்று.

ஆனால் அவ்வழி அவனுக்காக உண்டானதன்று. திண்ணன் என்னும் வேடன் வில்லோடு ஏறிய மலை என்று சைவர் போற்றுவது இதைத்தான். வேடர்க்கு வேட்டை பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதை அக்கதையைச் சொல்வோர் ஏனோ சொல்வதில்லை. விறகும் தேனும் கிழங்கும் தேடி இக்காடுகளில் யானாதி மக்கள் நடந்த தடங்கள் எத்தனையோ. காளஹஸ்தியின் கலம்காரித் தொழிலாளரை எடுத்துக்கொள்வோம். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து, மூங்கில் எழுதுகோலால் வரைந்து, சாயமேற்றும்போதெல்லாம் ஓடும் நீரில் அலச வேண்டியவர்கள் அவர்கள். சைக்கிளில் வருபவனுக்கு வறண்ட ஆறு ஒரு காட்சி. அவர்களுக்கு அது வேலைக்குத் தடை.

சேஷாசலக் காட்டின் செய்தி இன்னும் கொடியது. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இத்தென்பகுதியில்தான். அதன் கட்டை கடல் கடந்து சீனா முதலிய நாடுகளுக்குக் களவாகச் செல்கிறது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், சந்திரகிரிப் பக்கத்துக் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டச் சென்ற 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள் அவர்கள். மலைவாழ் மக்கள் பலர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றனர் போலீசார். மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. மரத்தைக் களவாக வெட்டுவது குற்றமே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கட்டையை விலைபேசியவனும் வாங்கியவனும் அந்தக் கரட்டு வழியில் ஓரடியும் நடந்தவர்கள் அல்லர். கூலிக்குச் சென்றவனே நடந்தான், அவனே விழுந்தான். அதே மலைச்சாரலுக்கு வனத்துறை அனுமதிச் சீட்டோடு வருபவன் அருவியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறான்.

இனி வேறுபாடு எதுவென்று சொல்லலாம். விரும்பி வருந்துகிறவனிடம் எப்போதும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. களைத்தால் இறங்கிவிடலாம், தண்ணீர் தீர்ந்தால் ஊருக்குத் திரும்பலாம், போதுமென்று தோன்றினால் வண்டியை லாரியில் ஏற்றிவிடலாம். அவன் ஏற்றது நோவை மட்டுமே. நோவோடு மற்றவர்க்கு வரும் அச்சத்தை அவன் ஏற்கவில்லை. ஆகவே, நானும் கஷ்டத்தை அறிந்தவன் என்று அவன் சொல்வானாயின் அது பொருந்தாத கூற்று. அவன் அறிந்தது தன் உடலின் வலிமையை. அதுவும் அறியத்தக்கதே, ஆனால் அது வேறு பொருள்.

முன்னே குறித்த கதை சோணருடையது. சம்பா நகரத்துப் பெருஞ்செல்வரின் மகன் அவர். உள்ளங்காலில் மென்மயிர் முளைக்கும் அளவுக்கு மெல்லுடல் வாய்ந்தவர் என்று விநய நூல் கூறும். துறவு பூண்டபின், இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் இரவெல்லாம் நடந்து பயின்று, பாதம் கிழிந்து நடைபாதை குருதியால் நனையும்படி வருந்தினார். பயனொன்றும் காணாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணியபோது, பகவான் அவரிடம் வீணை நரம்பைப்பற்றிக் கேட்டார். மிக இறுக்கியும் மிகத் தளர்த்தியும் இசை பிறக்காது என்று உணர்த்தினார். இவ்வளவும் பலரும் அறிந்தது. இதன் பிற்பகுதியை நம்மவர் அத்துணை எடுத்துப் பேசுவதில்லை. சோணரின் மென்மையைக் கருதி, அவர் மட்டும் செருப்பு அணியலாம் என்று பகவான் அனுமதி தந்தார். சோணர் ஏற்கவில்லை. சங்கத்தார் எல்லோருக்கும் அந்த அனுமதி உண்டானால் அணிவேன், எனக்கு மட்டுமெனில் அணியேன் என்றார். அதன்மேல் பிக்ஷுக்கள் அனைவருக்கும் ஓரட்டைச் செருப்பு அனுமதிக்கப்பட்டது. நரம்பின் உவமையினும் இச்செருப்பின் செய்தியே நம் கேள்விக்கு அண்மையில் நிற்கிறது என்பது என் கருத்து. தனக்கென்று திறந்த வாயிலை அவர் எல்லோருக்குமாகத் திறக்கச் செய்தார்.

சைக்கிளும் செருப்பும் நம் நாட்டில் வெறும் பொருள்களாக இருந்ததில்லை. ஊர்த்தெரு வந்ததும் சேரியான் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற கொடுமையைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பல கண்டிருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது இடத்தில் ஒருவர் சைக்கிள் ஏறிச் செல்வதையும் செருப்பு அணிவதையும் தடுப்பதைக் குற்றமென்று ஒரே பிரிவில் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றபோது, அவர்களுக்கு அது பொழுதுபோக்கும் ஆயிற்று, பிழைப்பும் ஆயிற்று, விடுதலையும் ஆயிற்று. ஏறிச் செல்லும் இன்பம் சிறியதாயின், அதை மறுக்க இத்தனை பேர் ஏன் முனைந்திருக்க வேண்டும்?

ஆகையால் கரட்டு வழியிற் செல்பவனை வீட்டிலேயே இரு என்று சொல்ல நான் முன்வரேன். அவன் போகாதிருப்பதால் மரம் வெட்டப் போகிறவனுக்கு வேறு கூலி கிடைத்துவிடாது. சோணரும் நடப்பதை விட்டுவிடவில்லை, அளவை மாற்றிக்கொண்டார். காளஹஸ்தியருகே பொன்முகலியின் மணலைக் கடக்கும்போது எத்துணை அகன்ற டயரும் புதைந்துபோகும். அங்கே அவன் இறங்கித் தள்ளியே ஆகவேண்டும். எதிரே விறகுக் கட்டோடு ஒருத்தி அதே மணலில் வரக்கூடும். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறாய் அம்மா, கட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்க அவனுக்கு அங்கே நேரம் இருக்கிறது.