நின்றுபோன சரக்கும் சொல்லாத சொல்லும்

சென்ற மாதம் புதுக் கார் வாங்கிய அன்பர் ஒருவர் நமது பெர்மாஸ் ஜெயா கடைக்கு வந்து குறைபட்டார். விலையில் நல்ல தள்ளுபடிதான்; ஆனால் பதிவுப் பத்திரத்தில் தயாரித்த ஆண்டு முந்திய ஆண்டாக இருந்ததாம். விற்றவர் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவே.

இது மோசடியா?

கார் வியாபாரியின் கஷ்டம் நாம் அறியாததன்று. மின்சாரக் கார்களையே பாருங்கள். முழுதாக இறக்குமதியாகும் வண்டிகளுக்கிருந்த சுங்க, கலால் வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-இல் முடிந்தது. அதற்குள் இறக்கிவிடத் துடிப்பது இயல்பு, இறக்கியதெல்லாம் விற்றுவிடுமா? கடனில் எடுத்த வண்டி வெயிலில் நிற்கும், வட்டி நிற்காது. (வட்டியின் கேடு தனிக் கதை.) அவர் விலையைக் குறைப்பதில் குற்றமில்லை.

ஆனால் வாங்கியவர் நாளை விற்கப் போனால் தயாரித்த ஆண்டைப் பார்த்தே விலை பேசுவார்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும்; டயர் பழசாகும். டயரின் பக்கவாட்டில் 2224 என்றிருந்தால் அது 2024-இன் 22-ஆம் வாரத்தில் செய்தது.

மதீனாவின் சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட செய்தி நாம் மதரஸாவில் படித்ததே. கேட்டபோது அந்த வியாபாரி மழையில் நனைந்தது என்று உண்மையைத்தான் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்பதே கேள்வி.

இதை அன்பரிடம் சொல்ல வாயெடுத்தபோது நமது கண் அலமாரிப் பக்கம் போயிற்று. பழைய பிஸ்கட் டின்களை முன்வரிசையில் வைப்பது கடை முறைதான். தேதியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது யார்? கடைப் பையன் என்று சொல்லிவிடலாம், நாமேதான்.

டின்களைத் திருப்பி வைத்துவிட்டு வந்தே பேசினோம்.