விலை குறைந்த துணியும் கள்ளாமை விரதமும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களை நம்மில் அறியாதார் இலர். ஆயின், ஒவ்வொரு விரதத்திற்கும் ஐவகை அதிசாரங்களை, அதாவது விரதத்தை அடியோடு முறிக்காமல் அதனைப் பழுதாக்கும் குற்றங்களை, ஆசாரியர் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் தொகுத்திருப்பதைக் கல்லாவில் அமர்ந்து எண்ணிப் பார்த்தவர் சிலரே. நாங்களும் நெடுங்காலம் எண்ணவில்லை.

கொல்லாமைக்குரிய அதிசாரங்கள் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. இவற்றைப் படிக்குங்கால் வண்டிமாடே நினைவுக்கு வருகிறது. நம்மிடம் இப்போது வண்டியும் இல்லை, மாடும் இல்லை; ஆகவே இது நமக்குரியதன்று எனப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

எங்கள் குடும்பத்தார் நடத்துவது சிறு துணிக்கடை. பட்டு விற்பதில்லை. புழுவைக் கூட்டோடு கொதிநீரில் இட்டு எடுக்கும் இழையால் வரும் வருவாய் வேண்டாமெனப் பாட்டனார் காலத்திலேயே விட்டுவிட்டோம். அதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. அதே கடையில் நான்கு பெண்கள் காலை ஒன்பதரை மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டினர். வாடிக்கையாளர் முன் பணியாள் அமர்ந்திருத்தல் மரியாதையன்று என்பது கடைத்தெருவின் எழுதாச் சட்டம். அவருள் மூத்தவருக்குக் கணுக்கால் வீங்கியிருப்பதைக் கண்டு வினவியபோதுதான் வேறொன்றும் வெளிவந்தது. அவர் பகல் முழுவதும் தண்ணீர் அருந்துவதில்லை. கடையில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை என்பதே காரணம். பானை நிறைய நீர் வைத்திருந்தோம், எவரையும் தடுத்ததில்லை. ஆயினும் நீர் தடுக்கப்பட்டுத்தான் இருந்தது. அதிசாரப் பட்டியலின் கடைசிச் சொல் எங்கள் கடைக்குள்ளேயே இருந்ததை அன்று உணர்ந்தோம்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, நான்கு மணி நேரத்திற்குப் பின் ஒரு மணி ஓய்வு என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே வகுத்துவிட்டது. பணியாளர்க்கு இருக்கை தரவேண்டுமெனக் கேரளம் 2018இல் சட்டம் செய்தது. தமிழகம் 2021இல் செய்தது. அதன் பின்னரே எங்கள் கடையிலும் முக்காலிகள் வந்தன என்பதை வெட்கத்துடன் ஒப்புகிறோம். கழிப்பிடம் அதற்கும் பின்னர்தான் கட்டப்பட்டது.

கடைக்குள் நிகழ்வது கண்ணுக்குத் தெரிவது. கடைக்கு வந்துசேரும் சரக்கோ நம்மை இன்னும் கடினமான கேள்விக்கு இழுத்துச் செல்கிறது. கள்ளாமையின் அதிசாரங்களுள் ஒன்று, களவுப் பொருளை ஏற்றல். வழக்கமாகச் சரக்குத் தரும் மொத்த வணிகர் ஒருமுறை பாவாடைத் துணியை வியக்கத்தக்க மலிவு விலைக்குக் கூறினார். காரணம் கேட்டோம். "நூல் மில்லில் விடுதிப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள் ஐயா, கூலி கம்மி" என்று இயல்பாகச் சொன்னார்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததைப் பலரும் அறிவர். ஏழைப் பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிந்ததும் திருமணத்திற்கென ஒரு தொகை தருவதாக வாக்களித்தனர். நோயுற்று இடையில் வெளியேறிய பெண்கள் பலர் அத்தொகையைக் காணாமலே வீடு திரும்பினர். சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. பிறர் மனமொப்பிக் கொடாததைக் கொள்ளுதலையே நம் நூல்கள் களவென்கின்றன. அப்பெண்ணுக்குச் சேராத கூலிதான் எங்களுக்கு விலைக் குறைவாக வந்து சேர்கிறதென்றால், அத்துணியில் ஒரு பகுதி எவருடைய பொருள்?

"அறியாமல் வாங்கினால் குற்றமில்லை" என்கிறார் நண்பர் ஒருவர். கேட்பதற்கு முன் அது பொருந்தலாம். கேட்டு விடை பெற்ற பின், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் உடன்படுதலேனும் நம்மைச் சாராதிருக்குமா? அவரது மற்றொரு வாதம் வலியது: நாம் வாங்காவிடில் அடுத்த கடைக்காரர் வாங்குவார்; எல்லோரும் வாங்காவிடில் அப்பெண்ணுக்கு அந்தக் கூலியும் போகும். இதற்கு எங்களிடம் முழு விடை இல்லை. வாங்க மறுத்து விலகுவதினும், நூல் எந்த ஆலையுடையது, கூலி எவ்வாறு தரப்படுகிறது என ஒவ்வொரு கொள்முதலிலும் கேட்பதே மேலென்று இப்போதைக்குக் கொண்டிருக்கிறோம். கேட்பவர் பத்துப் பேரானால் விற்பவர் விடை தேடத்தான் வேண்டும். ஒரு வணிகர் ஆலையின் பெயரைப் பட்டியலில் எழுதித் தருகிறார். மற்றொருவர் நகைத்தார், அவரிடம் கொள்முதலை நிறுத்தினோம்.

வேட்டியும் துண்டும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கிறோம். விலை கூடுதல்; விற்பனை குறைந்துள்ளது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: கைத்தறிக்குரிய சிட்ட நூலும் பெரும்பாலும் நூற்பாலையிலிருந்தே வருகிறது. பாவாடைத் துணிக்கு இன்னும் மாற்று கிடைக்கவில்லை. அந்தப் பழைய சரக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, விற்றுக்கொண்டும் இருக்கிறோம்.