மணியும் முட்டுக்கட்டையும்

ஆறு வாரங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், குறுவை நெல்லைக் காயப்போட்டிருக்கும் இடங்களில் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் காரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று எழும். வண்டி நின்றதும் அடங்கிவிடும். முதல் வாரம் மழை ஈரம் என்று சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் ராத்திரி முழுதும் நனைந்து நிற்கும் வண்டியின் பிரேக் டிஸ்க்கில் துரு படிவது சகஜம். காலையில் நாலைந்து முறை பிரேக் அடித்தால் போய்விடும். இரண்டாவது வாரம் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட் தடிமனாகவே தெரிந்தது. திருப்தியோடு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வாரத்தைப் பற்றியது.

அந்தக் கீச்சொலி ஏதோ உடைந்துபோனதால் வருவதில்லை. வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு சிறு இரும்புத் தகடு எழுப்பும் ஒலி அது. புதிய பேடில் டிஸ்க்கோடு உராயும் பொருள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். அது தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போது தகடு டிஸ்க்கைத் தொடத் தொடங்கும். பிரேக் அப்போதும் பிடிக்கும். யாருக்கும் எதுவும் நேர்ந்திருக்காது. நேர்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று யாரோ ஒருவன் யோசித்துச் செய்து வைத்த ஏற்பாடு. அதை ரேடியோவினால் மூடினேன்.

கடைசியில் கீச்சொலி கரகரப்பாக மாறியது. அடுத்த தெருவிலிருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கிராமபோன் தட்டைப்போல வரிவரியாகப் பள்ளம். "சத்தம் கேட்டப்பவே வந்திருந்தீங்கன்னா பேடோட போயிருக்கும் சார். இப்ப டிஸ்க்கும் போச்சு" என்றார். வெளிப்பக்கத்துப் பேட் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. உள்பக்கத்துப் பேடில் இரும்பு மட்டுமே இருந்தது. காலிப்பர் நகர்ந்துகொடுக்க வேண்டிய ஊசி துருவேறி இறுகிவிட்டதால் ஒரு பக்கமே தேய்ந்திருக்கிறது. நான் டார்ச் அடித்துத் திருப்தியடைந்தது, பார்வைக்குக் கிடைக்கிற பேடைப் பார்த்து.

சாமான் தஞ்சாவூரிலிருந்து வர நாலு நாளாகும், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றார். இந்த வேலையை நானே வீட்டில் செய்கிறேன் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "செய்யுங்க சார். சக்கரத்தை மாட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு தரம் கூப்பிடுங்க" என்றார்.

ஏன் நானே செய்ய வேண்டும்? தொழில் தெரிந்தவரிடம் விடுவதுதானே பொறுப்பு? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தெரியாத வேலையில் கைவைப்பவனுடைய தன்னம்பிக்கைக்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் வேறொருவன். ஆனால் காசு கொடுத்து வேலையை ஒப்படைக்கும்போது இன்னொன்றையும் ஒப்படைத்துவிடுகிறோம். வேலை அவருடையது, சரி. நான் ஆறு வாரம் கேட்டும் கேளாதிருந்தேனே, அதுவும் அந்த ரசீதில் சேர்ந்து தீர்ந்துபோகிறது. அது அப்படித் தீரக்கூடாது என்று தோன்றியது. குறைந்தபட்சம், எதைப் பார்க்காமலிருந்தேனோ அதைக் கையால் தொட்டுவிட வேண்டும்.

ராபர்ட் பிர்ஸிக் 1974-ல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெய்ன்டனன்ஸ்' நம் வட்டத்தில் பலர் படித்த புத்தகம்தான். அதிலும் ஒரு ரேடியோ வருகிறது. அதை அலறவிட்டுக்கொண்டு, கவனமில்லாமல் வேலை செய்து வண்டியைக் கெடுக்கும் மெக்கானிக்குகள் வருகிறார்கள். ஆனால் பிர்ஸிக்கின் அக்கறை இயந்திரத்துக்கும் அதைப் பராமரிப்பவனுக்கும் இடையிலான உறவில். இன்ஜின் நின்றுபோனால் நான் நடுவழியில் நிற்பேன், அதோடு முடிந்தது. பிரேக் அப்படிப்பட்டதில்லை. காரின் பெரும்பாலான பாகங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்காக இருக்கின்றன. பிரேக் அதே அளவுக்கு வெளியே இருப்பவனுக்காகவும் இருக்கிறது. அவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் என்னை எதற்கும் சம்மதித்ததில்லை. இந்த மூன்றாவது ஆள் பிர்ஸிக்கின் கண்ணில் அதிகம் படவில்லை.

வேலைக்கு வருகிறேன். பின்சக்கரங்களைத் தூக்க வேண்டும். காலிப்பரைக் கழற்றுவதற்கு ஹாண்ட்பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. முன்சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதில் தேருக்குக் கட்டை போட்டவர். "செங்கல் வேணாம் தம்பி, நொறுங்கிப் போயிடும்" என்று உள்ளே போய், ஆப்பு வடிவத்தில் செதுக்கிய இரண்டு புளியங்கட்டைகளைக் கொண்டுவந்து அவரே குனிந்து செருகினார்.

முட்டுக்கட்டை. திருவாரூருக்குத் தேரழகு, மன்னார்குடிக்கு மதிலழகு என்று சொலவடை. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை என்று சொல்வார்கள். இழுப்பதற்கு ஆயிரக்கணக்கானவர்கள். வடத்தைத் தொட்டாலே புண்ணியம். நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் அதற்கென்று பழகிய சிலர். உருளும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து, அதன் வாயில் கட்டையைச் செருகி, கையை இழுத்துக்கொள்கிறவர்கள். ஊர் முழுவதும் தேரில் இருப்பவரை அண்ணாந்து பார்க்கும்போது அவர்கள் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. பிற்பாடு திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் கட்டைகள் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் நசுங்குகின்றன. பிரேக் பேடும் அப்படித்தான். தான் தேய்வதற்கென்றே ஆனது.

மொழியில் இந்தச் சொல்லுக்கு என்ன கதி நேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பத்திரிகையைப் பிரித்தால் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, சமரசத்துக்கு முட்டுக்கட்டை. இழுப்பவனுடைய பக்கத்திலிருந்தே பார்த்து, நிறுத்துகிறவனுடைய தொழிற்சொல்லை வசையாக ஆக்கிவிட்டோம். நம் தார்மீகப் பிரக்ஞையில் நிறுத்துவதற்கு இடமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் பெரிய சாட்சி அதே திருவாரூரில் கோயிலுக்கு வெளியே கல்தேராக நிற்கிறது. மனுநீதிச் சோழன் கதை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் சொல்கிறாள். பெரியபுராணத்தில் சேக்கிழார் விரிக்கிறார். இளவரசன் தேரில் போகிறான், கன்று சக்கரத்தில் விழுகிறது, தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. தண்டனையை நிறைவேற்ற ஆணையிடப்பட்ட மந்திரி தன்னையே மாய்த்துக்கொள்ள, அரசன் தானே மகன்மேல் தேரை ஓட்டுகிறான். தமிழனின் நீதிக்கு இதுதான் உச்சம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம்.

இந்தக் கதையில் ஒருவரும் தேரைப் பற்றிக் கேட்பதில்லை. அந்தக் கூட்டமான வீதியில் எவ்வளவு வேகம்? நிறுத்த என்ன ஏற்பாடு? கன்று தானாகத்தான் பாய்ந்தது, இளவரசன் பார்க்கவில்லை என்று புராணமே அவனுக்காகப் பேசுகிறது. இருக்கட்டும். ஆனால் அதற்கு மறுநாளாவது தேர்களுக்கு ஒரு ஒழுங்கு வந்ததா? கதைக்கு அந்த அக்கறை இல்லை. அதன் அக்கறை முழுவதும் மணி அடித்ததற்குப் பிறகு. குற்றமும் தண்டனையும் தியாகமும் கம்பீரமானவை. கவனத்தில் கம்பீரம் இல்லை. கடைசியில் இறைவன் தோன்றிக் கன்றையும் மந்திரியையும் மகனையும் எழுப்பித் தருகிறான். திருவாரூர் சாலையில் அந்த வசதி இல்லை.

நம் அறம் மணிக்கயிற்றில் தொடங்குகிறது, சக்கரத்தடியில் தொடங்குவதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். பேடிலிருக்கும் அந்தத் தகடும் ஒரு ஆராய்ச்சி மணிதான். கன்று உயிரோடு இருக்கும்போதே அடிக்கிற மணி. அதைக் கேட்டு எழுந்திருக்க நமக்குப் பழக்கமில்லை. அதில் துக்கமில்லை, எதிரி இல்லை, நம்மை உயர்த்திக் காட்ட எதுவுமில்லை.

இலக்கியவாதிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, இங்கிருந்து அதிக தூரமில்லாத கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு கவிதை எழுதினோம், நாவல் எழுதினோம், இன்றும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கூலி நெல்லுக்கான தகராறு இந்த வயல்களில் கீச்சிட்டுக்கொண்டேதான் இருந்தது. அது எந்த இலக்கியப் பத்திரிகையின் விஷயமாக இருந்தது? ஒரு காரின் பேடை அந்தத் தீயின் பக்கத்தில் வைப்பது அளவு தப்பிய ஒப்பீடு என்று தெரியும். செவியின் பழக்கம் மட்டும் ஒன்றே என்று நினைக்கிறேன்.

மீதி வேலை: பழைய டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது, சுத்தியால் சுற்றிலும் தட்டிக் கழற்றினேன். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதன் விளிம்பிலேயே பொறித்திருந்தார்கள். புது டிஸ்க்கின்மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்தெடுத்தேன். விட்டால் பேட் அதை உறிஞ்சிப் பாழாகும். என் வண்டியில் ஹாண்ட்பிரேக்கும் பின்காலிப்பருக்குள்ளேயே இருப்பதால் பிஸ்டனை நேராக அழுத்தக்கூடாது, திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். இறுகிய ஊசியைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினேன். இடது பக்கம் கெட்டிருந்தால் வலது பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் ஈரச் சாலையில் வண்டி திரும்பிவிடும். பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன்பிரேக்கே அதிகம் உழைக்கிறது. பின்பிரேக் அரைகுறையாக இருந்தாலும் அன்றாடத்தில் வண்டி நின்றுவிடும். என் ஆறு வாரங்களுக்கு இடம் கொடுத்தது அதுதான். வேகம் 40-லிருந்து 80 ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. அந்தக் கணக்கு என்றைக்கு வந்து சேரும் என்று வண்டி முன்கூட்டிச் சொல்லாது.

எல்லாம் மாட்டியபின் பெடலை மிதித்தேன். கால் தடையில்லாமல் தரை வரை போயிற்று. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் சில மிதிகளுக்கு அப்படித்தான் ஆகும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் வயிற்றைக் கலக்கியது. நாலைந்து முறை மிதித்ததும் பெடல் கெட்டியாகிக் காலைத் தாங்கியது.

சாயங்காலம் மெக்கானிக் சைக்கிளில் வந்தார். வலது பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இடது பக்கத்தில் காலிப்பரின் கீழ் போல்ட்டில் ஸ்பானரை வைத்தார். அது எதிர்ப்பே இல்லாமல் முக்கால் சுற்று சுற்றியது. கையால் மட்டும் திருகி விட்டிருக்கிறேன். சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது தானாகவே கழன்றிருக்கும். அவர் அதை முடுக்கினார். என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, மாட்டிடலாம் சார்" என்றார். மறுநாள் காலை என் மகளைத் திருவாரூர் ரயிலுக்கு அழைத்துப்போவதாக இருந்தேன்.

அந்த போல்ட்டை முடுக்க வேண்டிய நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. மனுநீதிச் சோழனைப் பற்றி மேலே இருக்கும் பத்தியை மனசுக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்த போல்ட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் ரேடியோ, இப்போது கட்டுரை.