தாயாய் வந்தவன்

ஸ்ரீவில்லிபுத்தூரை நான் முதன்முதலில் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாகத்தான். இராஜபாளையத்திலிருந்து போய்க்கொண்டிருந்தேன். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம், 192 அடி உயரம், தூரத்திலேயே தெரிந்தது. கை குவித்தேன். என் இருக்கையருகே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவளைப் பார்க்காமலிருக்கக் கோபுரம் எனக்கு வசதியாயிற்று.

ஆண்டாள் சந்நிதியையும், அவள் அவதரித்த துளசி வனத்தையும் தரிசித்துவிட்டு, மாலையில் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போனேன். பெரியவர் ஒருவர் தலத்தின் கதையைச் சொன்னார். பேறுகாலத்தில் தாய் வந்து சேராமல் தவித்த பெண்ணுக்கு, அந்தத் தாயின் உருவில் இறைவனே வந்து பிரசவம் பார்த்தானாம். திருச்சித் தாயுமானவர் கதையும் இதுதானே!

கதை நடந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கடவுளே குனிந்து செய்த காரியம் அது. அதில் என் பங்குக்கு வந்தது, சற்று எழுந்து நிற்பது மட்டுமே. அதையும் நான் செய்யவில்லை. பக்கத்தில் நிற்பவளைக் காணாத கண்ணுக்கு, கருவறையில் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது?

தீபாராதனை நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது என் வழக்கம். அன்று மூடவில்லை.