இங்கிரிட் என்ற பெயருக்குள் இருக்கும் தெய்வம்

ஸ்வீடனின் ஷென்னிங்கே நகரில் 1281இல் டொமினிக்கன் கன்னியர் மடம் ஒன்றை நிறுவிய இங்கிரிட், மறு ஆண்டே காலமானார். ஊரார் அவரைப் புனிதராகவே வணங்கினார்கள். ஆனால் அவர் பெயரின் முற்பாதியான 'இங்', மழைக்கும் வெயிலுக்கும் விளைச்சலுக்கும் உரிய பழைய தெய்வமான ஃப்ரேய்ரின் மறுபெயர். பிற்பாதிக்கு அழகி என்று பொருள் சொல்வார்கள். கிறிஸ்துவுக்கே வாழ்வைக் கொடுத்த துறவியை ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் கைவிட்ட தெய்வத்தையும் சேர்த்து அழைத்தார்களா? இல்லை என்பதே என் எண்ணம். ஒரு பெயர் எதிலிருந்து பிறந்தது என்பது வரலாறு. அதை வைத்துக்கொண்டவரின் நம்பிக்கைக்கு அது சாட்சி ஆகாது.

ஐஸ்லாந்தில் இது தெளிவாகத் தெரிகிறது. 1000ஆம் ஆண்டுவாக்கில், எந்தச் சமயம் நாட்டுக்கு ஆவது என்று அங்கிருந்த சட்டசபை இரண்டுபட்டு நின்றபோது, தீர்ப்பு சொல்லும் பொறுப்பு தோர்கெய்ர் என்பவரிடம் வந்தது. பழைய சமயத்தவரான அவர் ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்து, எல்லாரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றார். அவர் பெயரிலேயே இடித்தெய்வம் தோர் இருந்தது. அது அப்படியே நீடித்தது. தோரா, தோர்தீஸ் என்ற பெண்களும் அதே பெயர்களோடு தேவாலயம் போனார்கள். 1198இல் அதே சபை புனிதராக ஏற்ற ஆயர் தோர்லாக்கின் பெயரிலும் தோர் உண்டு.

திருச்சபை பெயர்களைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான் என்று சிலர் சொல்லலாம். அது சரியல்ல. கிழமைப் பெயர்களிலிருந்து பழைய தெய்வங்களை நீக்கியவர் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோலாரில் ஆயராயிருந்த யோன் என்பது ஐஸ்லாந்து மரபு. தோரின் நாளாக இருந்த வியாழன் இன்றும் அங்கே 'ஐந்தாம் நாள்'தான். நாளை விட்டுவைக்காதவர்கள் பெண்ணின் பெயரை ஏன் விட்டுவைத்தார்கள்? தோரின் நாள் என்பது அந்த நாளே தெய்வத்துக்குச் சொந்தம் என்கிற பேச்சு. ஆள்பெயரில் அந்த உரிமைக்குரல் இல்லை. இறந்த உறவினரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பது அந்த மக்களின் பழக்கம். இங்கிரிட் என்றதும் தாயின் மனதில் வந்தது மறைந்த பாட்டியின் முகமே.

ஸ்வீடன் அரசர் ஓலோஃபின் மகள் இங்கெகெர்டின் பெயரிலும் அதே இங் உண்டு. 1019இல் கீவ் அரசர் யாரோஸ்லாவை மணந்தபின் அவர் இரினா ஆனாரே என்று கேட்கலாம். அங்கே மாறியது பெயர் மட்டுமல்ல. நாடும் வழிபாட்டு மொழியும் மாறின. சொந்த நாட்டிலோ இங்கெகெர்டுகளுக்குக் குறைவில்லை.

வேர்ப்பொருளை அறிவது வீண் என்று நான் சொல்லவில்லை. மறைந்துபோன வழிபாட்டின் தடயங்கள் பல இந்தப் பெயர்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆயினும் பெயருக்கு உயிர் தருவது அந்த வேர் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் லுத்தரன் சீர்திருத்தம் வந்தபோது ஸ்வீடனில் மடங்கள் மூடப்பட்டன, புனிதர் வணக்கம் அற்றுப்போனது. ஃப்ரேய்ரை நம்பியவர்கள் போய்விட்டார்கள், அந்தத் துறவியிடம் வேண்டிக்கொண்டவர்களும் போய்விட்டார்கள். பெண்குழந்தைக்கு இங்கிரிட் என்று பேரிடுவது மட்டும் நிற்கவில்லை.