தூங்கும் குழந்தையை எழுப்பலாமா?

சென்ற ஆண்டு மதுரையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிய இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. விடுதியில் தங்குவதாகத்தான் உத்தேசம். பழைய நண்பர் ஒருவர் விடவில்லை. "வீடு இருக்கும்போது விடுதி எதற்கு?" என்று கையைப் பிடித்து அழைத்துக் கொண்டு போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. கூடத்தின் ஓரமாகப் பாயில் அவருடைய ஐந்து வயது மகள் தூங்கிக் கொண்டிருந்தாள். ஒரு கை தலைக்கு மேல் கிடந்தது; மற்றொரு கை துணிப் பொம்மை ஒன்றின் காதைப் பிடித்திருந்தது.

சாப்பாடு முடிந்ததும் நண்பருக்கு ஓர் ஆசை வந்தது.

"பாப்பா இருபது குறள் ஒப்பிப்பாள். கேட்டால் அசந்து போவீர்கள்."

"காலையில் கேட்கிறேனே" என்றேன்.

"காலையில் பள்ளிக்கூட வேன் அவசரம். அப்போது வாயைத் திறக்க மாட்டாள்."

"வேண்டாங்க, பாவம். அழுது அடம் பிடித்து இப்போதுதான் கண் அசந்தாள்" என்று அவர் மனைவி மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் எடுபடவில்லை.

"எழுந்திரும்மா, கண்ணு! யார் வந்திருக்கிறார் பார். கதை எழுதுகிற மாமா!"

குழந்தை எழுந்து நின்றாள். நின்றாள் என்பதைவிட நிறுத்தப்பட்டாள் என்பதே சரி. கண்கள் மூடியபடியே இருந்தன. இளங்காற்றில் நாற்று ஆடுவது போல் உடம்பு ஆடியது. மூன்று குறள் ஒழுங்காக வந்தன. நான்காவதன் தலையில் வேறு எதனுடைய வாலோ ஒட்டிக் கொண்டது. தகப்பனார் அடியெடுத்துக் கொடுத்தார். குழந்தை கொட்டாவி விட்டுவிட்டு மறுபடியும் முதல் குறளிலிருந்து ஆரம்பித்தாள். நான் அவசரமாகக் கை தட்டி, "பிரமாதம், பிரமாதம்" என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நின்ற இடத்திலேயே சரிந்து பாயில் விழுந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு திருட்டு நடந்துவிட்டதாக எனக்குப் பட்டது. எடுத்தவர் நண்பர், எடுத்ததை வாங்கிக் கொண்டவன் நான். கள்ளப் பொருளை வாங்குகிறவனுக்கும் குற்றத்தில் பங்கு உண்டல்லவா?

யோசித்துப் பார்த்தால், ஒரு குழந்தைக்குச் சொந்தம் என்று சொல்ல இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? பெயர் நாம் வைத்தது. சட்டை நாம் எடுத்துக் கொடுத்தது. பள்ளிக்கூடம் நாம் சேர்த்தது. பொம்மையைக்கூட, கோபம் வந்தால் நாம் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிடுகிறோம். தூக்கம் ஒன்றுதான் நாம் கொடுக்காதது. அது பிறக்கும்போதே கொண்டுவந்த சீதனம். அதில் கைவைக்க நமக்கு உரிமை உண்டா?

எங்கள் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். தூங்குகிற பிள்ளையை யாராவது தாண்டிப் போனால் போதும், வீடே அதிரும். "தாண்டாதே, பிள்ளை வளராது! திரும்பித் தாண்டு!" என்பாள். தாண்டியவன் திரும்ப வந்து, தாண்டிய தாண்டலை ரத்துச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். படித்த பிறகு நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால், தூக்கம் ஆழ்ந்து போகிற முதல் சில மணி நேரத்தில்தான் வளர்ச்சிக்கான ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது என்று 1968-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பாட்டி சொன்ன காரணம் தவறு. அவள் இருந்த காவல் சரி.

தூக்கத்தைப் பற்றிய இன்னொரு பெரிய உண்மை, ஒரு குழந்தையின் தலைமாட்டில்தான் கிடைத்தது. 1951 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தம்முடைய எட்டு வயது மகனைப் படுக்க வைத்து, கண்களைச் சுற்றிக் கம்பிகளை ஒட்டி, ஒரு பழைய இயந்திரத்தோடு இணைத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் என்றால் அணைத்த விளக்கு என்று பலர் நினைத்திருந்த காலம் அது. நடுவில் இயந்திரத்தின் பேனாக்கள் திடீரென்று துள்ளிக் கிறுக்கத் தொடங்கின. பையன் விழித்துக் கொண்டான் போலிருக்கிறது என்று போய்ப் பார்த்தால், அவன் நன்றாகத் தூங்கிக் கொண்டிருந்தான். மூடிய இமைகளுக்குள் விழிகள் ஓடிக் கொண்டிருந்தன. கனவோடு நெருங்கிய தொடர்புள்ள அந்தத் தூக்க நிலையை 1953-ல் அவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

விளக்கு அணையவில்லை, உள்ளே வேலை நடக்கிறது. பகலில் கேட்டதும் கற்றதும் மனத்தில் தங்குவதற்கு இரவின் இந்த வேலை வேண்டும் என்பது அதற்குப் பிந்திய ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. குறளை ஒப்பிக்க வைப்பதற்காகக் குழந்தையை எழுப்பிய நண்பர், அந்தக் குறள் மனத்தில் தங்குவதற்கான நேரத்தைத்தான் செலவழித்தார்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் கூடி 2016-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12 மணி. பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி. நம் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். டியூஷன் முடிந்து வர ஒன்பது. சாப்பிட்டு, வீட்டுப் பாடம் எழுதிப் படுக்கப் பதினொன்று. அம்மா காப்பியோடு வந்து எழுப்புவது ஐந்து மணிக்கு. தினம் இரண்டு மணி நேரம் கடன். மாதம் அறுபது மணி நேரம். அதாவது இரண்டரை முழு நாட்கள். இந்தக் கடனை எந்த ஞாயிற்றுக்கிழமை அடைக்கும்?

"எங்களையும் நாலு மணிக்கு எழுப்பித்தான் படிக்க வைத்தார்கள். நாங்கள் உருப்படவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி எழுப்பப்பட்டவன்தான். ஆனால் எங்கள் ஊர் எட்டரை மணிக்கே அடங்கிவிடும். அதற்கு மேல் விழித்திருக்க அங்கே ஒன்றும் இல்லை. பழைய காலத்து விடியலை வைத்துக் கொண்டு பழைய காலத்து இரவைத் தொலைத்துவிட்டோம். மேலும், பருவ வயதில் உடம்பின் கடிகாரமே சற்றுப் பின்தங்கி ஓடுகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு இரவில் தூக்கம் தாமதமாக வருவதும் காலையில் எழ முடியாமல் போவதும் சோம்பல் மட்டும் அல்ல. இதை ஒப்புக் கொண்டுதான், உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019-ல் சட்டம் செய்தது. 2022-ல் அது நடைமுறைக்கு வந்தது.

செகாவ் 1888-ல் ஒரு கதை எழுதினார். பதின்மூன்று வயது வேலைக்காரச் சிறுமி வார்கா. பகல் முழுவதும் ஓயாத ஏவல். இரவு முழுவதும் எஜமானியின் குழந்தைக்குத் தொட்டில் ஆட்ட வேண்டும். கடைசியில், தன்னைத் தூங்க விடாத எதிரி இந்தக் குழந்தைதான் என்று மயங்கி, அதைக் கொன்றுவிட்டுத் தூங்கிப் போகிறாள். இளவயதில் படித்தபோது அந்தக் கொலை என்னை உலுக்கியது. எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு படித்தபோது, அதைவிட வேறொன்று உலுக்கியது. இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வருகிறது என்பது அந்த வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நாம் வார்காவின் எஜமானர்கள் அல்லர். அன்புள்ள தாய் தந்தையர். அதனால்தான் நம் தவறு நமக்குத் தெரிவதில்லை. வைது எழுப்புகிறவனுக்கு என்றாவது ஒருநாள் மனம் உறுத்தும். கொஞ்சி எழுப்புகிறவனுக்கு அதுவும் இல்லை.

ஆனாலும், எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவது நியாயம் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். கடை அடைத்து வீடு வரப் பத்தரை ஆகும். அவர் முகத்தைப் பார்ப்பதற்காக அவருடைய நான்கு வயதுப் பையன் விழித்தே இருக்கிறான். காலையில் அவர் கிளம்பும்போது அவன் பள்ளிக்குப் போயிருப்பான். அந்தத் தகப்பனிடம் மணிக்கணக்குப் பேச எனக்கு நா எழவில்லை. பிள்ளையின் தூக்கத்தை முதலில் எடுத்துக் கொண்டது அவர் அல்ல. அவருடைய இரவை எடுத்துக் கொண்ட பிழைப்பு. ஒருநாள் அவரே சொன்னார்: "இப்போதெல்லாம் காலையில் நானே அவனைக் குளிப்பாட்டுகிறேன் சார். அந்தக் கால் மணி நேரம் எங்களுடையது. ராத்திரி தூங்கிவிடுகிறான்." நான் சொல்லத் தயங்கியதை அவர் செய்து முடித்திருந்தார்.

எழுப்பவே கூடாது என்பது என் வாதம் அல்ல. மருந்து கொடுக்க வேண்டும்; ரயிலைப் பிடிக்க வேண்டும்; பள்ளிக்கும் போகத்தான் வேண்டும். எழுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளலாம்: இதை நாளைக்கு வைத்துக் கொண்டால் நஷ்டம் யாருக்கு? குழந்தைக்கு என்றால் எழுப்பலாம். நமக்கு என்றால், நமது பெருமைக்கு என்றால், பாயைச் சுற்றிக் கொண்டு போவதே மரியாதை.

தூங்க வைப்பதற்கும் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். விடுமுறை நாளிலும் மாறாத ஒரு நேரம், மங்கிய விளக்கு, ஒரு கதை. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு ஒன்று உண்டு. 1958-ல் அதைப் பிரித்தறிந்தார்கள். கண்ணில் வெளிச்சம் பட்டால் அது சுரக்கத் தயங்கும். ஆகையால் தொலைக்காட்சியும் கைப்பேசியும் குழந்தைக்கு முன்னதாகவே தூங்கப் போக வேண்டும். குழந்தையினுடையது மட்டும் அல்ல, நம்முடையதும்தான். அங்கேதான் சிரமம். பிள்ளையைத் தூங்க வைப்பதில் பாதி, பெரியவர்கள் அடங்குவது.

மறுநாள் காலை அந்த நண்பர் வீட்டில் குழந்தை சீருடையோடு வந்து என் எதிரே நின்றாள். என்னையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தகப்பனாரின் பக்கம் திரும்பி, "அப்பா, இந்த மாமா யாரு? எப்ப வந்தாங்க?" என்று கேட்டாள்.

முதல் நாள் இரவு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. நண்பர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அதிலிருந்து, குழந்தை இருக்கிற வீட்டுக் கதவை இரவு எட்டு மணிக்கு மேல் நான் தட்டுவதில்லை.