மழலையைக் கேட்பவர் யார்?

தலைநகர் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்காட்சி புதியதன்று. தாயும் தந்தையும் அலுவலகம் சென்றிருப்பர்; மூன்று வயதுக் குழந்தை கைப்பேசியின் முன் அமர்ந்து, நிலாவைப் பற்றிய தமிழ்ப் பாட்டொன்றை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கும். என் பேத்தியும் அவ்வாறே ஒப்புவித்தாள், கேட்டுப் பூரித்தேன். பாட்டு முடிந்ததும் அவளுக்குத் தாகமெடுத்தது. 'பானி' என்றாள். நிலாவைத் தமிழில் அழைக்கத் தெரிந்தவளுக்குத் தண்ணீரைத் தமிழில் கேட்கத் தெரியவில்லை.

குழந்தைக்குக் கற்பிக்கும் கடமையைப் பொறியிடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைப்பதாயின் அதில் எவ்வளவை என்னும் வினா அன்று முதல் என் உள்ளத்தை உறுத்தி வருகிறது.

நான் பொறியை வெறுப்பவன் அல்லேன். 1975 ஆகஸ்டு தொடங்கி ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் துணையால் நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி சென்றது. பள்ளிச் சிறுவர்க்கென்றே தனி நிகழ்ச்சிகள் இருந்தன. நல்லாசிரியர் எட்டாத ஊருக்கு நல்ல பாடமாவது எட்டட்டும் என்ற எண்ணத்தில் பிழை காண இயலாது. 2020இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லையேல் பல இல்லங்களில் பாடமே இல்லை.

ஆயினும் பேச்சு அரும்பும் பருவத்தின் இயல்பு வேறு. பட்ரீசியா கூல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கிலம் பேசும் இல்லங்களைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழியினர் பன்னிரண்டு அமர்வுகள் நேரில் விளையாடியும் கதை படித்தும் பழகினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் பெற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கண்ட குழந்தைகளோ, ஒலிப்பதிவில் கேட்ட குழந்தைகளோ அத்திறனைப் பெறவில்லை.

அப்படியானால் திரைதான் குற்றவாளியா? அன்று. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு வயதை எட்டிய குழந்தைகள் திரையின் மறுபுறம் இருந்தவர் அவ்வப்போதே பார்த்துப் பேசியபோது புதுச்சொல் கற்றனர். முன்பே பதிவு செய்த பேச்சிலிருந்து கற்கவில்லை. தென்காசியில் இருக்கும் ஆச்சி கைப்பேசியில் முகம் காட்டி, 'என்னடி சாப்பிட்டே?' என்று கேட்டு விடைக்குக் காத்திருப்பாளாயின், அவளும் ஆசிரியையே. ஊரைவிட்டு வந்தோர்க்கு இது பெரிய ஆறுதல்.

வினா கூர்மை பெறுவது இதற்கு அப்பால்தான். இன்று பொறியே மறுமொழி கூறுகிறது. சலிக்காமல் கூறுகிறது என்பதை அதன் சிறப்பாகச் சொல்கின்றனர். எனக்கோ அவ்விடத்தில்தான் ஐயம். வள்ளுவர் மழலையின் இனிமையைப் பேசும்போது, அதைக் கேட்கும் பெற்றோரின் இன்பமாகவே வைத்தார். பொறிக்கு ஒலியை வாங்கும் கருவி உண்டு. கேட்டு மகிழ ஒருவர் அங்கு இல்லை. பேத்தி தண்ணீர் கேட்டால் நான் முழங்கால் வலியோடு எழவேண்டும். ஒரு சொல் இன்னொருவரை எழச் செய்யும் என்பதையும், எழுபவருக்கும் களைப்பு உண்டு என்பதையும் குழந்தை ஒருசேர அறிவது அப்போதுதான். களைப்பே அறியாத ஒன்றிடம் மட்டும் பேசி வளரும் பிள்ளை, பிறர் களைப்பை எங்ஙனம் அறியும்?

இவ்வாறு எழுதுவது எளிது. நாள் முழுதும் உழைத்து மெட்ரோவில் நின்றுகொண்டே வீடு திரும்பும் தாய்க்கு இது மேலும் ஒரு சுமையாகக் கேட்கும். இத்தகைய உபதேசம் எப்போதும் தாயர் தலையிலேயே விழுவது நம் வழக்கம். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாதென உலக நல்வாழ்வு நிறுவனம் 2019இல் கூறியதை மருமகளுக்குப் படித்துக் காட்டியவன் நான். செய்தித்தாளை இடையூறின்றி வாசிக்க வேண்டிக் குழந்தையின் கையில் கைப்பேசியைத் தந்தவனும் நானே. அவள் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை ஒருமுறை பார்த்தாள்.

இப்போது பேத்தி 'பானி' என்றால் நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுகிறேன். குவளையை நீட்டி, 'தண்ணி' என்கிறேன். சில நாள் அவளும் 'தண்ணி' என்கிறாள். சில நாள் 'பானி'தான்.